கீழே இருந்து பிடித்த கயிறு

திங்கட்கிழமை விவாகரத்துக்குக் கடைசிக் கையெழுத்து. அதற்கு முந்தின சனிக்கிழமை நானும் என் கணவரும் கயிறு கட்டி மலைப்பள்ளம் இறங்கப் போனோம். சொன்னால் சிரிப்பார்கள். சேர்ந்திருந்த காலத்தில் இருவர் பெயரிலும் பதிவு செய்து, மழையால் தள்ளித் தள்ளிப் போன பயணம் அது. அவர் வரமாட்டார் என்று நம்பி நான் மும்பை மாதுங்காவில் பஸ் ஏறினேன். நான் வரமாட்டேன் என்று நம்பி அவர் அதே பஸ்ஸில் வாஷியில் ஏறினார்.

“நீ வரமாட்டேன்னு நெனச்சேன்.”

“நானும் அப்படித்தான் நெனச்சேன். உக்காருங்கோ, எல்லாரும் பாக்கறா.”

அவர்மேல் எனக்குக் கோபம்கூட மிச்சமில்லை. இருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். மரத்துப் போயிருந்தேன், அவ்வளவுதான். ஒரு துளி வருத்தம் எட்டிப் பார்த்தால்கூடப் போதும், கையெழுத்து வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பள்ளத்தாக்கு அழகாகத்தான் இருந்தது. இரண்டு பக்கமும் கரும்பாறை, நடுவில் மும்பை சாள் குடியிருப்பின் ஒடுங்கிய நடைபாதை அகலத்துக்கு வானம். எல்லோரும் போட்டோவாக எடுத்துத் தள்ளினார்கள். நான் ஷூவுக்குள் புகுந்த தண்ணீரைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

செங்குத்தான பாறையில் நான் முதலில் இறங்கினேன். பயமே வரவில்லை. தைரியசாலி என்று வழிகாட்டி இந்தியில் மெச்சினான். அடுத்து இறங்குகிறவரின் கயிற்று நுனியை என் கையில் கொடுத்தான். அவர் தவறினால் கீழேயிருந்து இழுக்க வேண்டும். கயிறு இறுகி அவர் நின்றுவிடுவார். அடுத்தவர் என் கணவர்.

பாதியில் அவர் கால் வழுக்கியது. சரசரவென்று சரிந்தார். நான் யோசிக்கவே இல்லை. உடம்பு மொத்தத்தையும் பின்னால் சாய்த்து இழுத்தேன். அவர் அந்தரத்தில் நின்றார்.

கீழே வந்ததும் அவர் கயிற்றை விடாமல் என்னைப் பார்த்தார்.

“பிடிச்சுட்டியே” என்றார்.

அவர் என்னிடம் என்ன கேட்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. எனக்குள் தேடிப் பார்த்தேன். உள்ளங்கை எரிந்தது. வேறொன்றும் இல்லை.

“யாரா இருந்தாலும் பிடிச்சிருப்பேன்.”

குத்திக்காட்டச் சொல்லவில்லை. உண்மையைத்தான் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு இடுப்புப் பட்டையைக் கழற்றத் தொடங்கினார்.

திங்கட்கிழமை கோர்ட்டில், நன்றாக யோசித்துத்தான் முடிவெடுத்தீர்களா என்று கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் ஆமாம் என்றார்.