மருமகனுக்கு ஒரு தூரக்கண்ணாடி

கோல்ஃப் ஆட்டத்துக்குத் தூரம் அளக்கிற கருவியைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவள் நான் என்று சொன்னால் தொண்டி பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரிகூட நம்புவதில்லை. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எண் மட்டும் தெரியும். பஸ் நம்பர், போன் நம்பர், ரேஷன் கடை நம்பர் எல்லாம் பார்த்துப் பார்த்துப் பழகியது. இதையும் நான் சொல்லச் சொல்ல என் மகள்தான் எழுதுகிறாள். அவள் எதையாவது விட்டுவிட்டால் அதற்கு நான் பொறுப்பில்லை.

என் மருமகன் உள்நாட்டுக்காரர். பரமக்குடிப் பக்கம் விவசாயக் குடும்பம். கடலைக் கண்டால் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிடுவார். முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்க மாட்டார். அவர் துபாயில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் புல் வெட்டுகிறார். பாலைவனத்தில் பாடுபட்டுப் புல்லை வளர்த்து, வளர்ந்ததைத் தினமும் வெட்டுகிறார்கள். இது என்ன வேலை என்று நானும் போனில் பலமுறை கேட்டுவிட்டேன். "அதான் அத்தை வேலை" என்பார்.

கல்யாணமாகி ஐந்து வருஷம் ஆகிறது. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறைதான் லீவு. அவரும் என் மகளும் சேர்ந்து இருந்த நாட்களைக் கூட்டினால் ஐந்து மாதம் தேறாது. போன மார்கழியில் லீவில் வந்தவர் ஒரு செய்தியோடு வந்தார். ஆடுகிறவர்களின் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடக்கிற வேலைக்கு ஆள் எடுக்கப் போகிறார்களாம். அந்த வேலைக்குப் பதினோரு மாதம் உழைத்தால் ஒரு மாதம் லீவு. ஆனால் ஒரு பரீட்சை உண்டு. மேனேஜர் எங்கே நிறுத்தினாலும், அங்கேயிருந்து, பந்து விழ வேண்டிய குழியில் நட்ட கொடி எத்தனை தூரம் என்று சட்டென்று சொல்ல வேண்டும். தூரம் பார்க்கிற கருவியை அவரவரே கொண்டு வர வேண்டும்.

இராமநாதபுரத்தில் வெளிநாட்டுச் சாமான் விற்கிற கடைக்காரர் ஒருவர் இருக்கிறார். ஒரு காலத்தில் அவரும் அதே மைதானத்தில் புல் வெட்டியவர்தான். "ரெண்டையும் கொண்டுபோயிப் பாரு மாப்ள. ஞாயித்துக்கெழம ஒண்ணத் திருப்பிக் குடு" என்று இரண்டு பொருளைக் கொடுத்து அனுப்பினார். ஒன்று கைக்கடிகாரம். இன்னொன்று உள்ளங்கையில் அடங்குகிற கறுப்புக் கண்ணாடி. ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்த்துப் பொத்தானை அமுக்கினால் சிவப்பு எண்ணில் தூரம் வரும்.

இரண்டையும் நடுவீட்டில் பரப்பி வைத்தபோது என் மகள் கடிகாரத்தை எடுத்துத் தன் கையில் கட்டிக்கொண்டாள்.

"இதே இருக்கட்டுங்க. கட்டுனா எடுப்பா இருக்கு. அது என்னமோ ஒத்தக் கண்ண மூடிக்கிட்டு, கண்ணடிக்கிற மாதிரி."

"பரீட்சைக்கு எடுப்பு எதுக்குடி?" என்றேன் நான்.

மருமகன் விளக்கினார். கடிகாரத்துக்குள் மைதானங்களின் படம் எல்லாம் இருக்கிறதாம். வானத்தில் சுற்றுகிற சாட்டிலைட்டிடம் கேட்டு, குழி இருக்கிற புல்தரையின் முன்பக்கம் இத்தனை, நடு இத்தனை, பின்பக்கம் இத்தனை என்று சொல்லுமாம். கை நடுங்கினாலும் பரவாயில்லை.

"அப்ப கொடி?"

"கொடிய அதுக்குத் தெரியாது அத்தை. கொடிய தெனமும் காலையில எடம் மாத்துவோம். புதுக்குழி தோண்டுறதே நாந்தான்."

"ஏன் மாத்தணும்?"

"ஒரே எடத்துல கெடந்தா சுத்தியிருக்குற புல்லு மிதிபட்டுச் செத்துப்போகும்ல."

"சாட்டிலைட்டுக்கே தெரியாதது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கே மாப்ள!" என்றேன். அவர் வெட்கப்பட்டார். ஆனால் முகத்தில் கவலை போகவில்லை. கண்ணாடி கொடியையே அளக்கும். ஆனால் கை நடுங்கினால் வேறு எதையோ அளந்துவிடும். கடிகாரம் நடுங்காது, ஆனால் கொடியை அறியாது. தப்பானதைக் கொண்டுபோய்ப் பரீட்சையில் தோற்றால் மறுபடியும் இரண்டு வருஷம். மகள் கடிகாரத்தைக் கழற்றுவதும் கட்டுவதுமாக இருந்தாள்.

"இங்கன உக்காந்து யோசிச்சா ஆச்சா? கடக்கரையில போயி அளந்து பாப்போம். கொடி நம்மகிட்டயே இருக்குல்ல" என்று நான்தான் கிளப்பினேன்.

எங்கள் வீட்டுக்காரர் இருந்த காலத்தில் வலைக்குக் கட்டிய கொடிகள் கொட்டகையில் ஏழு கிடந்தன. கடலில் வலை எங்கே கிடக்கிறது என்று தெரிய மூங்கில் கம்பில் துணி கட்டி மிதக்க விடுவோமே, அவைதான். வீட்டுக்கு வீடு துணி வேறு. எங்கள் வீட்டுக் கொடி என் பழைய சேலை, மஞ்சளில் பச்சைக்கரை. மருமகன் போனில் கோல்ஃப் மைதானத்துக் கொடியைக் காட்டினார். அச்சு அசலாக அதே உயரம், அதே ஆட்டம்! எனக்கு ஒரே சந்தோஷம். ஏழையும் தூக்கிக்கொண்டு போய், தள்ளித் தள்ளிக் கரை நெடுக ஊன்றினோம்.

முதலில் நான்தான் பார்த்தேன். போன வருஷம்தான் எனக்குக் கண் ஆபரேஷன் ஆனது. அதற்கு முன்னால் எதிர்வீட்டு ஆடும் எதிர்வீட்டு ஆளும் எனக்கு ஒன்றுதான். இப்போது ஒற்றைக் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தால் எங்கோ நின்ற நாய் மூக்குக்கு முன்னால் வந்து நின்றது. பொத்தானை அமுக்கினேன்.

"மாப்ள, நாய் நாப்பத்திரெண்டு! நாப்பத்திரெண்டு என்ன?"

"கெஜம் அத்தை. அவங்க ஆட்டத்துக்குக் கெஜக் கணக்குதான்."

அட, நம்ம கெஜம்! ஜவுளிக்கடையில் பாவாடைத் துணிக்குக் கிழித்துக் கொடுப்பார்களே, அது. வெள்ளைக்காரன் ஆட்டமும் ஜவுளிக்கடைக் கணக்குதான் என்று தெரிந்ததும் எனக்குப் பயம் விட்டுப்போனது. வள்ளத்தை அளந்தேன். கோயிலை அளந்தேன். வலை காயப்போட்டுக்கொண்டிருந்த என் நாத்தனாரை அளந்தேன்; நூற்றுப் பத்து கெஜம் தள்ளி நின்றும் அவள் முறைப்பது தெரிந்தது. கண்ணாடியை என் கையிலிருந்து வாங்குவதற்குள் மருமகனுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

அவர் அளக்க ஆரம்பித்ததும்தான் சிக்கல். கடைசிக் கொடி முதல் தடவை நூற்றைம்பது என்று வந்தது. அடுத்த தடவை இருநூற்றுப் பன்னிரண்டு. மறுபடி நூற்றைம்பது, மறுபடி இருநூற்றுப் பன்னிரண்டு. வாடைக்காற்று சட்டையைப் பிடித்து இழுத்தது. அவர் முகம் சுண்டிவிட்டது.

"எனக்குக் கை ஒதறுது அத்தை. இது எனக்கு ஆகாது."

"நான் அப்பவே சொன்னேன்ல" என்றாள் மகள். ஆனால் அவள் கையிலிருந்த கடிகாரமும் ஒன்றும் சொல்லவில்லை. மைதானத்தைத் தேடுகிறேன், தேடுகிறேன் என்று ஒரு வட்டத்தைச் சுற்றிக்கொண்டே இருந்தது. எங்கள் கடற்கரை அதன் படத்தில் இல்லை.

பொழுது சாய்ந்தது. "கொடியப் புடுங்கிரலாம்மா" என்றாள் மகள். "கெடக்கட்டும்டி, காலையில வந்து மறுபடி அளக்கணும்ல" என்றேன். நாற்பது வருஷம் அந்தக் கரையில் வாழ்ந்தவள் நான். என் புத்தி எங்கே போனது என்று இன்றைக்கும் தெரியவில்லை.

காலையில் காபிக்குப் பாலை அடுப்பில் வைத்தேன், வாசலில் சத்தம். வந்தவர் கரைவலைச் சம்மாட்டி. வலைக்குச் சொந்தக்காரர், எனக்குக் கொழுந்தன் முறை. பின்னால் ஐந்தாறு ஆட்கள்.

"மதினி! ஏழு பாட்டையும் வளைச்சுப் போட்டுட்டு உறங்குறீகளோ? நாங்க எங்க போயி வலை வளைக்க? தொண்டி ரோட்டுலயா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் ஊரில் கரைவலை இழுக்க ஒரு முறை இருக்கிறது. கரையில் வலை இழுக்கிற ஒவ்வொரு இடமும் ஒரு பாடு; எங்கள் கரையில் மொத்தமே ஏழு பாடுதான். முந்தின நாள் பொழுது சாய்வதற்குள் யார் கொடி ஊன்றுகிறார்களோ, மறுநாள் அந்தப் பாடு அவர்களுக்கு. ஊன்றினவர் கைதான் பிடுங்க வேண்டும், அடுத்தவர் தொடக்கூடாது. இரண்டு வலைக்காரர்களும் நாற்பது ஆட்களும் விடியலிலிருந்து என் சேலைத்துணிக்கு முன்னால் மணலில் உட்கார்ந்திருக்கிறார்கள்!

பாலை மகளிடம் விட்டுவிட்டு ஓடினேன். மருமகன் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடிவந்தார்.

"வீட்டுல ஒரு முழம் வலை கெடையாது. ஏழு பாடு எதுக்கு மதினி, வடாம் காயப்போடவா?"

"கோவிச்சுக்காதீக கொழுந்தனாரே. மாப்ள கோல்ஃப் ஆட்டத்துக்கு அளந்து பாத்தாக."

"என்னத்துக்கு?"

"பந்த அடிச்சுக் குழியில போடுற ஆட்டம்."

"அதுக்கு எங்க பொழப்பையும் குழியில போடணுமா?"

நாற்பது பேரும் சிரித்தார்கள். நான் ஆறு கொடியைப் பிடுங்குவதற்குள் மூச்சு வாங்கியது. ஏழாவதை நெருங்கும்போது சம்மாட்டியே, "அது கெடக்கட்டும், நான் அந்தப் பாட்டுலதான் வளைக்கப் போறேன்" என்றார். வள்ளம் வலையைக் கடலில் விட்டுக்கொண்டே வளைத்துப் போனது. அது திரும்பும் வரை கரையில் நிற்பவர்களுக்கு வேலை இல்லை. சம்மாட்டியின் கண் மருமகன் கையிலிருந்த கண்ணாடியில் விழுந்தது.

"அதக் குடுங்க மாப்ள, என்னதான் இருக்குன்னு பாப்போம்."

வாங்கினவர் திருப்பிக் கொடுக்கவில்லை. வள்ளத்தைப் பார்த்தார், அதில் இருந்த ஆளை "ஏலே, துடுப்ப ஒழுங்காப் போடுலே!" என்று இங்கிருந்தே அதட்டினார். அவனுக்கு எப்படிக் கேட்கும்! மருமகன் தயங்கித் தயங்கி, கொடியின் தூரம் இரண்டு விதமாக வருவதைச் சொன்னார். எது சரி என்று தெரியாமல் பரீட்சைக்கு எப்படிப் போவது என்றும் சொன்னார். லீவுக் கதையை நான் சொன்னேன்.

சம்மாட்டி சிரிப்பை நிறுத்திவிட்டார். "அட, இதுக்கா இம்புட்டுக் கவல? கயிறு பொய் சொல்லுமா? ஏலே, கரையில மிச்சம் கெடக்குற வலைக்கயித்தக் கொண்டாங்கடா."

கரைவலைக் கயிற்றில் பத்துப் பாகத்துக்கு ஒரு முடிச்சு இருக்கும். இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம். பாகத்துக்கு இரண்டு கெஜம். முந்தின நாள் நின்று அளந்த அதே இடத்தில் மருமகனை நிறுத்தி, அவர் காலடியிலிருந்து கொடி வரை கயிற்றை இழுத்துப் பிடித்தார்கள். ஏழு முடிச்சு, அதற்குமேல் அரை. எழுபத்தைந்து பாகம்.

"நூத்தம்பது கெஜம்!" என்று நான் கத்திவிட்டேன்.

"அப்ப எரநூத்திப் பன்னெண்டு எங்கேருந்து வந்துச்சு?" என்று மருமகன் கேட்டார். நான் கயிறு போன வழியே பார்த்தேன். கொடிக்கு நேர் பின்னால் ஒற்றைப் பனை நின்றது. சும்மா ஒரு சந்தேகத்தில், "அந்தப் பன வரைக்கும் இழுங்களேன்" என்றேன். இழுத்தார்கள். நூற்றாறு பாகம். இருநூற்றுப் பன்னிரண்டு கெஜம், ஒரு சாண் கூடக் குறையவில்லை!

கண்ணாடி ஒரு தடவைகூடப் பொய் சொல்லவில்லை. காற்றில் கை விலகும்போதெல்லாம் அது கொடியை விட்டுவிட்டுப் பனையை அளந்திருக்கிறது. மருமகன் மணலில் சப்பென்று உட்கார்ந்து, முழங்காலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு அளந்தார். நூற்றைம்பது. மறுபடியும் நூற்றைம்பது. பத்துத் தடவையும் அதேதான். இவர் ஒவ்வொரு தடவை சொன்னதற்கும் வலைக்காரர்கள் ஏலம் கூறுவதுபோலத் திருப்பிக் கத்தினார்கள்.

இதற்குள் பாலை இறக்கிவிட்டு மகளும் வந்துவிட்டாள். "வாட்ச்சத் திருப்பிக் குடுத்துருங்க மாப்ள" என்றேன் நான். அவள் கண்ணாடியை வாங்கினாள். புருஷனைப் போலவே உட்கார்ந்து அளந்தாள். சிவப்பு எண்ணை வெகுநேரம் பார்த்தாள்.

"இதையே கொண்டுபோங்க. ஆனா அங்க போயி நின்னுக்கிட்டுப் பாக்கக் கூடாது. யாரு சிரிச்சாலும் சரி, உக்காந்துதான் பாக்கணும்."

"வெள்ளக்காரன் முன்னால தரையில உக்காரவா?"

"உக்காருங்க. வருசா வருசம் வரணும்ல."

சொல்லிவிட்டு வீட்டைப் பார்த்து விறுவிறுவென்று நடந்துவிட்டாள்.

வலை கரையேறியபோது சாளை மீன் நன்றாகவே பட்டிருந்தது. ஏழாவது கொடி என்னுடையது, அதனால் அது என் பாடு, பாட்டுக்காரிக்குப் பங்கு கொடுப்பதுதான் முறை என்று சம்மாட்டி ஊர் கேட்கச் சொல்லி, ஒரு கூடை மீனை என் தலையில் ஏற்றிவிட்டார். அன்றிலிருந்து எனக்கு ஊரில் பெயர் ஏழுபாட்டுக்காரி. சில்லறைக் கடையில்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

பொங்கல் முடிந்ததும் மருமகன் கிளம்பிப் போனார். பத்து நாள் கழித்து ஒரு மத்தியானம் போன் வந்தது. மேனேஜர் ஆறு இடத்தில் நிறுத்திக் கேட்டாராம். ஆறு இடத்திலும் உட்கார்ந்தே பார்த்தாராம். கூட வந்தவர்கள் முதலில் சிரித்தார்களாம். கடைசியில் அவர்களும் உட்கார்ந்தார்களாம். வேலை கிடைத்துவிட்டது.

நான் "மாப்ள!" என்று தொடங்குவதற்குள் மகள் போனைப் பிடுங்கிக்கொண்டு கொல்லைப்புறம் போய்விட்டாள். அரைமணி நேரம் கழித்து வந்தாள். சுவரில் தொங்கிய மாதக் காலண்டரின் தாள்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். இதற்கு முன்பெல்லாம் அவர் ஊருக்குக் கிளம்பினால், திரும்பி வரும் நாள் வீட்டில் இருக்கிற காலண்டரில் இருக்காது. அந்தக் காலண்டரையே இன்னும் அச்சடித்திருக்க மாட்டார்கள். இந்தத் தடவை இருந்தது. கடைசித் தாளில், கீழ்வரிசையில். அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டு, மதியம் சாப்பிடாதவள் தட்டை எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.