நீலக் கயிறு கட்டிய கரும்பு

அன்று கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் இருந்தவர்கள்: நான். என் மனைவி குப்பாயி. மச்சான் வெள்ளையன். அவன் மனைவி சின்னப்பொண்ணு. ராமாயி. ராமாயியின் புருஷனும் வந்திருக்க வேண்டும். காய்ச்சலில் மலைமேல் எங்கள் ஊரிலேயே படுத்துவிட்டான்.

கரும்பு வெட்டு ஜோடி வேலை. ஒருவர் வெட்டிப் போட, மற்றவர் சோகையை, அதாவது காய்ந்த தோகையைக் கழித்துக் கட்டு கட்டுவார். தியாகதுருகம் பக்கத்து நிலத்துக்காரர் மூன்று ஜோடி கேட்டிருந்தார். குறைந்தால் வேறு ஆளைக் கூப்பிடுவேன் என்று போனிலேயே சொல்லிவிட்டார். அவரிடம் இன்னும் இரண்டு கொல்லைக் கரும்பு வெட்டுக்கு நின்றது. அது கை விட்டுப் போனால் சீசனே போன மாதிரி.

டீக்கடையில் முதுகில் பெரிய பையோடு ஒரு பெண் நின்றாள். பெயர் திவ்யா, ஊர் சென்னை. கம்பெனியில் ஆறு மாதம் லீவு போட்டுவிட்டு, ஊர் ஊராகப் போய்க் காட்டு வேலை செய்கிறாளாம். போன மாதம் பெரம்பலூரில் வெங்காயம் பிடுங்கினாளாம். இங்கே ஏதாவது கிடைக்குமா என்று கேட்டாள்.

வெள்ளையன் டீ கிளாஸை வைத்தான். "நாங்க வேலைக்கு வந்து லீவு கேட்டா திட்றாங்க. நீ லீவு போட்டுக்கினு வேலைக்கு வரியாம்மா?"

"ஆமாண்ணா."

ராமாயி அவள் கையைத் திருப்பிப் பார்த்தாள். உள்ளங்கை காய்த்திருந்தது. சேர்த்துக்கொண்டோம்.

கொல்லையில் ராமாயி வெட்டினாள், திவ்யா கட்டினாள். சோகை கழிக்க நான் சொல்லிக் கொடுத்தேன். முழுக்கை சட்டை போடச் சொன்னேன், சோகை அறுக்கும். பிறகு முன்னால் வெட்டிக்கொண்டே போய்விட்டேன். திரும்பிப் பார்க்கவில்லை.

கரும்பின் நுனிப் பச்சைத் தோகையான கொழுந்தாடையை முறுக்கி, அதையே கயிறாக வைத்துத்தான் கரும்பைக் கட்டுவோம். மற்றவர்களைப் பார்த்து முறுக்கிய திவ்யாவுக்கு அந்த முறுக்கு நிற்கவில்லை. பையிலிருந்து நீல நைலான் கயிறு எடுத்து, துண்டு துண்டாக வெட்டிக் கட்டியிருக்கிறாள். பெண்கள் மூவரும் பார்த்திருக்கிறார்கள். ஒருவரும் தடுக்கவில்லை.

மூன்று மணிக்கு லாரி வந்தது. டிரைவர் கட்டுகளைப் பார்த்தார். நைலான் இருந்தால் ஆலையில் லோடையே திருப்பி விடுவார்கள், ஏற்ற மாட்டேன் என்றார். இருட்டும்வரைதான் நிற்பாராம்.

நிலத்துக்காரர் என்னிடம் வந்தார். "இன்னாய்யா இது? கரும்பு வெட்டச் சொன்னா பார்சல் கட்டி வச்சிக்கிறீங்க. லாரி காலியா போச்சுன்னா நாளைக்கு நீங்களும் மல ஏறிடுங்க."

நைலான் கூடாதென்று யாருமே சொல்லவில்லையே என்றாள் திவ்யா.

பக்கத்திலேயே இருந்தவள் ராமாயி. அவளைக் கேட்டேன்.

"பாத்தேன். லாரி வரதுக்குள்ள அவுத்து வேற கட்டு போட்டுடலாம், கயிறு ஆடு கட்ட ஆவும்னு இருந்தேன்."

சின்னப்பொண்ணும் அப்படித்தான் இருந்திருக்கிறாள். குப்பாயியைப் பார்த்தேன். அவள் மடியில் நீலமாக ஒரு கயிற்று முனை தெரிந்தது. மேற்கொண்டு கேட்கவில்லை.

எல்லாரும் உட்கார்ந்து அவிழ்த்தோம். ராமாயி திவ்யாவைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்தாள். "ரெண்டு கொழுந்தாடைய தலமாத்தி வச்சி முறுக்கு. முட்டியால அமுக்கு. அமுக்கிக்கினே சொருவு." முதல் இரண்டு தடவை பிரிந்துகொண்டது. அப்புறம் நின்றது. பொழுது சாயும்போது கடைசிக் கட்டு ஏறியது. டிரைவர் சுற்றி வந்து பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தார்.

கயிற்றைத் திவ்யா திருப்பிக் கேட்கவில்லை. மூன்று பெண்களும் பிரித்துக்கொண்டார்கள்.

புதிதாக வருகிறவருக்குக் கத்தி பிடிக்க எல்லாரும் சொல்லித் தருவோம். எதால் கட்டுவது, எதால் கட்டக்கூடாது என்று சொல்ல மாட்டோம். நமக்குத் தெரிந்ததால் அது சொல்ல வேண்டிய விஷயமாகத் தோன்றாது. இப்போது யார் வந்தாலும் முதலில் கட்டுதான் காட்டுகிறேன்.

நிலத்துக்காரர் பைக்கில் உட்கார்ந்தபடி, அடுத்த கொல்லைக்குக் காலையில் எத்தனை பேர் என்று கேட்டார். திவ்யா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தள்ளி நின்றாள். ராமாயி போய் அந்தப் பையை வாங்கித் தன் மூட்டை மேல் வைத்தாள்.

ஆறு என்றேன்.