சனிக்கிழமைத் தவறுகளைத் திங்கட்கிழமையே எழுதியவர்

அந்தக் கட்டடத்தில் 'மைக்செட்' என்று சொன்னால்தான் அவரை எல்லோருக்கும் தெரியும். தரையில் நின்றபடியே எட்டாவது மாடியில் இருப்பவனை, "ஏய், அந்தப் பலகையை நகத்து" என்று அதட்டுவார். அவன் நகர்த்துவான். பக்கத்துக் கட்டடத்திலும் யாராவது ஒருவன் எதையாவது நகர்த்துவான். மேஸ்திரியாகிப் பதினோரு வருஷம் ஆகிறது. தொழிலாளிகளுக்கு மஞ்சள் ஹெல்மெட், ஆள் வைத்து வேலை வாங்குகிறவர்களுக்கு வெள்ளை. அந்த வெள்ளை ஹெல்மெட்டை அவர் சாப்பிடும்போதும் கழற்ற மாட்டார்.

இத்தனை சத்தம் போடுகிற மனிதர் ஒரே ஓர் ஆளிடம் மட்டும் வாயைத் திறக்க மாட்டார். அவர் மனைவியின் அண்ணன். பூச்சு வேலையில் மன்னன். அவர் பூசிய சுவரில் யாரும் மட்டப்பலகை வைத்துப் பார்ப்பதில்லை. மேஸ்திரிக்குக் கீழேதான் வேலை பார்க்கிறார். இருந்தாலும் பெண் கொடுத்த வீட்டுக்காரர் ஆயிற்றே. "எங்க அண்ணனை நாலு பேர் முன்னால ஒரு வார்த்தை சொன்னீங்கன்னு என் காதுல விழக்கூடாது" என்று மனைவி ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து மச்சான் எது செய்தாலும் மேஸ்திரிக்கு எதிர்ப் பக்கத்தில் அவசரமாகப் பார்க்க ஏதாவது இருக்கும்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டியை ஓர் உத்தரவு வந்து நிறுத்தியது. மேஸ்திரிகள் எல்லோரும் இரண்டு நாள் பாதுகாப்பு வகுப்புக்குப் போக வேண்டும். மூன்றாம் நாள் அவரவர் வேலையிடத்திலேயே தேர்வு. தேறாவிட்டால் மஞ்சள் ஹெல்மெட். மேஸ்திரி தன் கணக்கைப் போட்டுப் பார்த்தார். வயது நாற்பத்தொன்பது. வலது முழங்கால் வீட்டுப் படி ஏறுவதற்கே முறைத்துக்கொள்கிறது. இனிமேல் போய் நாள் முழுக்கச் சாந்துச் சட்டி தூக்க முடியுமா?

வகுப்பு எடுக்க வந்த அம்மையார் எடுத்த எடுப்பிலேயே, "எனக்கு உயரம்னா பயம். மேல ஏறினாலும் மயக்கம் வரும், கீழ நின்னு அண்ணாந்து பார்த்தாலும் மயக்கம் வரும்" என்றார். சரியாப் போச்சு, நமக்கு வாய்த்தது இப்படியா என்று மேஸ்திரி பக்கத்து நாற்காலிக்காரரைப் பார்த்தார். அவர் அதற்குள் தூங்கியிருந்தார்.

அம்மையார் ஒவ்வொருவருடைய தினசரிச் சோதனைத் தாளையும் வாங்கிப் பார்த்தார். அதில் 'இன்று கண்ட தவறுகள்' என்று ஒரு கட்டம் உண்டு. மேஸ்திரியின் தாளில் ஆறு நாளுக்கும் 'இல்லை' என்று முத்து முத்தாக எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தது.

"இன்னிக்கு செவ்வாய்க்கிழமை தானேங்க?" என்று கேட்டார் அம்மையார்.

"ஆமா மேடம்."

"சனிக்கிழமை தப்பு நடக்காதுன்னு எப்படித் தெரியும்?"

"திங்கட்கிழமையே மொத்தமா எழுதிருவேன் மேடம். வேலை தேங்காது பாருங்க."

வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. சிரித்தவர்களில் பாதிப் பேர் தங்கள் தாளை மெல்லத் தொடைக்கு அடியில் தள்ளினார்கள்.

அம்மையார் சிரிக்கவில்லை. "மேல நிக்கிறவரோட பெல்ட்ல ஆரம்பிங்க. அதுல கட்டின கயிறு எங்க போய் முடியுதுன்னு கண்ணாலேயே பிடிச்சுக்கிட்டுப் போங்க. தப்பா இருந்தா வேலையை நிறுத்துங்க. ஆனா கீழ இருந்து கத்தாதீங்க, திடுக்கிட்டு விழுந்துருவாங்க" என்றார். மேஸ்திரி எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். ஆனால் கட்டத்தில் 'இல்லை' என்று இருந்தால்தான் தேற முடியும் என்பதில் மட்டும் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. தன் ஆட்களின் தப்பைத் தானே எழுதிக்கொடுத்துவிட்டு எவனாவது வெள்ளை ஹெல்மெட்டைக் காப்பாற்ற முடியுமா?

மூன்றாம் நாள் காலை அம்மையார் வந்து மணல் குவியலுக்குப் பக்கத்தில் தரையைப் பார்த்தபடி நின்றார். மேஸ்திரி ஆட்களைக் கூட்டிவைத்துப் பத்து நிமிஷம் பேசி முடித்தார். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தெருக்கோடி வரை கேட்டது. பிறகு அவரவர் வேலைக்குப் போனார்கள், இவர் தாளை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு சாரமாகப் பார்த்துக்கொண்டு வந்தார்.

ஆறாவது மாடிச் சாரத்தில் மச்சான். பெல்ட் போட்டிருந்தார். வழக்கம்போல வேறு பக்கம் திரும்பப் போன மேஸ்திரி, பழகிய பாடம் விடாமல் கயிற்றைக் கண்ணால் பிடித்துக்கொண்டு போனார். அது மச்சான் முதுகில் ஆரம்பித்து, மச்சான் இடுப்பிலேயே போய் முடிந்தது. இரண்டு கை நீளம் நகரும்போதெல்லாம் கழற்றி மாட்டச் சோம்பல்பட்டு, கொக்கியைத் தன் பெல்ட்டிலேயே மாட்டியிருந்தார். மூலை எட்டாததால் ஒரு காலைப் பலகையிலிருந்து எடுத்துக் குறுக்குக் குழாயில் வைத்துச் சாய்ந்து பூசிக்கொண்டிருந்தார்.

மேஸ்திரி அம்மையாரைப் பார்த்தார். அவர் தலையை நிமிர்த்தப் போவதில்லை. 'இல்லை' என்று எழுதிவிட்டால் கதை முடிந்தது. ஹெல்மெட்டும் பிழைக்கும், வீட்டில் சோறும் சூடாகக் கிடைக்கும். பேனாவைக் கட்டத்தில் வைத்தும் விட்டார். அப்போது மச்சான் இன்னும் கொஞ்சம் சாய்ந்தார். மேஸ்திரிக்குப் பயம் வந்தது.

கத்தக்கூடாது. எனவே ஆறு மாடியும் ஏறினார். நாலாவது மாடியில் முழங்காலை வாய்விட்டுத் திட்டினார். மேலே போய்ச் சேர்ந்து, மச்சான் காலைப் பலகைக்கு எடுத்து வைக்கும்வரை காத்திருந்து, "மச்சான், கொஞ்சம் கையை நிறுத்துங்க" என்றார் மெதுவாக.

மச்சான் திரும்பினார். "என்ன மாப்ள, உடம்பு சரியில்லையா? குரலே வரலையே."

"கொக்கியைக் குழாய்ல மாட்டுங்க. மாட்டிட்டு உள்ள வாங்க. இன்னிக்கு உங்களுக்கு இங்க வேலை இல்ல."

சாரத்தில் அத்தனை கையும் நின்றது. மச்சான் முகம் சிவந்தது. "எல்லாரையும் வச்சுக்கிட்டு என்கிட்டயா சொல்றீங்க?" என்றவர் இறங்கி, பெல்ட்டை மணலில் விட்டெறிந்துவிட்டு விறுவிறுவென்று வெளியே போனார்.

மேஸ்திரி நொண்டிக்கொண்டே வந்து தாளை நீட்டினார். 'ஒன்று. ஆறாவது மாடி. என் மச்சான்' என்று எழுதியிருந்தது.

"நான் பெயில்தானே மேடம்?"

"இதுக்குத்தாங்க மார்க்கே" என்ற அம்மையார், "அவர் இறங்கிட்டாரா?" என்று கேட்டார். இறங்கிவிட்டார் என்றதும் மூச்சு விட்டுக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

சாயங்காலம் வீட்டில் தட்டு வந்தது, பேச்சு வரவில்லை. இரண்டாவது வாய்க்குத்தான் மனைவி ஆரம்பித்தாள்.

"அண்ணன் வந்துட்டுப் போனார். எல்லார் முன்னாலயும் இறக்கிட்டீங்களாம்."

"ஆமா."

"கொக்கியை எதுலயுமே மாட்டாம நின்னாராமே. அவரே சொன்னார், என்னமோ பெருமை மாதிரி. இன்னிக்கு மட்டும்தான் அப்படி நின்னாரா?"

பொய் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டார். "இல்ல. பதினோரு வருஷமா அப்படித்தான்."

"பார்த்துக்கிட்டா இருந்தீங்க?"

மேஸ்திரி சோற்றைப் பார்த்தார். அவள் கரண்டியோடு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "நான் சொல்லக்கூடாதுன்னு சொன்னதுக்காகவா?" என்று கேட்டாள். அவர் தலையை ஆட்டினார்.

அவள் போனை எடுத்து அண்ணனைக் கூப்பிட்டாள். "அண்ணே, நாளைக்கு வேலைக்கு வாங்க. நானும் வரேன். அந்தக் கொக்கியை எங்க மாட்டுறீங்கன்னு நான் கீழ நின்னு பார்க்கணும்" என்றாள். போனை மேஸ்திரி கையில் கொடுத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.