காற்றை நிறுத்தும் என்று கேட்டேன்

என் மனைவி லில்லி படுக்கையில் விழுந்து மூன்றாவது வருடம் அது. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு அவளுக்குக் கால்கள் விளங்கவில்லை. அவளைத் தூக்கிக் குளிப்பாட்டி, பிள்ளைகளுக்குக் கஞ்சி வைத்துவிட்டு, செம்பாக்கத்திலிருந்து சைக்கிளில் வேலைக்குப் போவேன். அவளை நடக்க வையும் என்று ஜெபித்து ஜெபித்து அலுத்துவிட்டது. கோயிலுக்குப் போவேன். உட்கார்ந்திருப்பேன். அவ்வளவுதான்.

சின்ன விமானம் ஓட்டப் பழக்கும் ஒரு கிளப்பில் வேலை. மெக்கானிக் கரீம் பாய்க்கு நான் உதவியாள். இரண்டு பேர் உட்காரும் விமானம். இறக்கை துணியால் போர்த்தியது. இஞ்சினைப் பிரித்துப் பூட்டினால், முதல் தடவை மேலே போகும்போது அதில் கை வைத்த ஒருவர் ஓட்டுபவருடன் ஏற வேண்டும். அது எங்கள் வழக்கம். எழுபதாம் ஆண்டு வாக்கில், ஒரு ஐப்பசியில், என் முறை வந்தது.

"பயமாக்கீதா, ஞானம்? நீ முடுக்கின நட்டுதானே?" என்றார் பாய்.

"அதான் பாய் பயம்" என்றேன்.

ஓட்டியவர் சுந்தரம் சார். மாணவர்களுக்குப் பழக்குகிறவர். கோவளத்துக் கடல் வரை போனோம். இஞ்சின் நன்றாக ஓடியது. திரும்பும்போது கடல் பக்கமிருந்து பலமான காற்று கிளம்பி எங்களைப் பின்னாலிருந்து தள்ளியது. கீழே தரை கடகடவென்று ஓடியது. சார் தரையைப் பார்க்கவே இல்லை. வேகம் காட்டும் முள்ளை மட்டும் பார்த்தார்.

இறங்குவதற்காகக் காற்றை எதிர்த்துத் திரும்பினோம். எல்லாம் நின்றுபோனது போல ஆனது. எதிரே ஷெட்டின் கூரை. அது கிட்டே வரவே இல்லை. விமானம் உதறியது. நான் போனால் லில்லியை யார் தூக்குவார்? அது ஒன்றுதான் மனதில். ரொம்ப நாளைக்குப் பிறகு வாய்விட்டு ஜெபித்தேன்.

"ஆண்டவரே, இந்தக் காற்றை நிறுத்தும்."

காற்று நின்றது.

விமானம் கல் மாதிரி விழுந்தது. "காத்து போச்சு! காத்து போச்சு!" என்று கத்திக்கொண்டே சார் விமானத்தின் மூக்கைக் கீழே தள்ளி, இஞ்சினுக்கு முழு வேகம் கொடுத்தார். தரையில் புல் தனித்தனியாகத் தெரிந்தது. எங்களைத் தாங்கியிருந்ததே அந்தக் காற்றுதான் என்று அப்போதுதான் உறைத்தது.

என்ன கேட்பதென்று தெரியவில்லை. "உமக்குத் தெரியும்" என்று மட்டும் சொன்னேன்.

காற்று திரும்ப வந்தது. விமானம் அதன்மேல் சாய்ந்து உட்கார்ந்தது. ஆள் நடக்கிற வேகத்தில் சக்கரம் தரையைத் தொட்டது. காற்று மறுபடி தூக்கப் பார்த்தது. பாயும் இன்னும் மூன்று பேரும் ஓடிவந்து, இரண்டு பக்கமும் இறக்கைக் கம்பியில் தொங்கினார்கள். ஷெட் வரைக்கும் விடவில்லை.

சார் ஒரு சொம்புத் தண்ணீர் முழுவதையும் குடித்தார். "தரைல எவ்ளோ வேகம்கிறது கணக்கே இல்ல ஞானம். றெக்கை மேல காத்து ஓடணும். எதிர்க்காத்து சட்டுனு நின்னா அந்த வேகமும் போச்சு. இன்னும் கொஞ்சம் கீழ இருந்திருந்தா நம்ம கதை முடிஞ்சுது" என்றார்.

"இன்னா ஞானம், மேல போய் உங்க ஆண்டவரைப் பாத்துட்டியா?" என்றார் பாய்.

"அவர்தான் என்னைப் பாத்தாரு பாய்."

"றெக்கையப் புடிச்சது நான். அதையும் அவராண்ட சொல்லு."

சாயங்காலம் லில்லியிடம் எல்லாம் சொன்னேன். சிரித்தாள். "இன்னாய்யா நீ, ஆண்டவருக்கே வேலை சொல்லிக்கினு கீறே? எனக்கோசரமும் மூணு வருசமா இதானே பண்றே?" என்றாள். அவள் பக்கத்தில் முழங்கால் போட்டேன்.

அவள் நடக்கவில்லை. இதை மறைக்க மாட்டேன். இன்றும் நான்தான் தூக்குகிறேன். அவளை நடக்க வைத்தால் போதும், வேறெதுவும் வேண்டாம் என்று அதுவரை வீம்பாக இருந்தேன். யாரிடமும் உதவி கேட்டதில்லை. அடுத்த ஞாயிறு சபையில் எழுந்து கேட்டேன். அஸ்தினாபுரத்திலிருந்து இரண்டு சகோதரிகள் பகலில் வந்து பார்த்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். முன்பு தூக்கும்போது மனதில் கசப்பு இருக்கும். இப்போது வெறும் களைப்புதான். அது தூங்கினால் போகிறது. கர்த்தருக்கு நன்றி.

களைத்துப்போனவர்களே, நீங்களும் அவரிடம் கேளுங்கள். எப்படிச் செய்வது என்பதை அவரிடமே விட்டுவிடுங்கள். நான் கேட்டபடி அந்தக் காற்று நின்றே போயிருந்தால், இதை எழுத நான் இல்லை.