ஒரே வகைத் தகரப் பொம்மைகள்

பொம்மை சேர்ப்பவர் ஒரே வகையைத் தேடிச் சேர்க்க வேண்டுமா, கண்ணிற்பட்ட அனைத்தையும் சேர்க்க வேண்டுமா என்னும் வழக்கு, சுங்கைப்பட்டாணியின் பாக்கார் ஆராங் பகுதியில் என் பக்கத்து வீட்டு முன்கூடத்தில் ஞாயிறுதோறும் நடக்கிறது. சின்னஞ்சிறு இரும்புக் கார்களைச் சேர்க்கும் சிலர் அங்கே கூடித் தேநீர் அருந்தியபடி வாதாடுகிறார்கள். ஒருவர் ஒரே நாட்டுக் கார்களைத் தவிர வேறெதையும் தொடமாட்டாராம்; மற்றவர் எதையும் விடமாட்டாராம். சுவருக்கு இப்பால் இருந்து கேட்கும் எனக்கு அவர்கள்மேல் பொறாமை எழுகிறது. தோற்றவரும் வீடு திரும்பிச் சோறு உண்ணலாம் என்னும் நிலையில் நடக்கும் வழக்கு அது. ஜப்பானியர் மலாயாவை ஆண்ட காலத்தில் இதே வழக்கை என் கணவரும் என் அண்ணனும் நடத்தினார்கள். என் கணவர் அதில் தம்மையே பணயமாக வைத்தார்.

சுங்கைப்பட்டாணிக்கு மேற்கே, ஜெராய் மலை தெரியும்படி அமைந்த இரப்பர்த் தோட்டம் ஒன்றில் அவர் சின்னக் கிராணி என்னும் இளநிலை எழுத்தர். அலுவலகத்தில் வருகைப் பதிவும் இரப்பர்ப் பால் எடைக் கணக்கும் அவர் பொறுப்பு. என் அண்ணன் அதே தோட்டத்து மருத்துவமனையில் மருந்து கலந்து கட்டுப்போடும் டிரெஸர். நான் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துப் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பித்தேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. பிள்ளையில்லா வீட்டில் பொம்மைகள் நிறைந்திருந்ததைப் பற்றித் தோட்டத்துப் பெண்கள் என்ன பேசினார்கள் என்பதை நான் அறிவேன். அதை எழுதப்போவதில்லை.

என் கணவர் சேர்த்தவை சாவி கொடுத்தால் இயங்கும் தகரப் பொம்மைகள். அவற்றிலும் ஜப்பானில் செய்தவை மட்டுமே. இங்கிலாந்துப் பொம்மைகளின் விலை கிராணியின் சம்பளத்துக்கு எட்டாது என்பதே தொடக்கத்தில் காரணமாக இருந்தது. பிறகு அந்த இயலாமையைக் கொள்கையாக்கிக்கொண்டார். சீனாவில் ஜப்பானியர் போர் தொடங்கியபின், சுங்கைப்பட்டாணிச் சீனக் கடைக்காரர்கள் ஜப்பானியச் சரக்கை வெளியில் வைக்க அஞ்சினார்கள். வைத்தால் ஜப்பானியரை எதிர்க்கும் சீனர் இரவோடிரவாகக் கடை வாயிலில் தார் பூசிவிடுவார்கள். அந்தச் சரக்கையெல்லாம் கடைகளின் பின்கதவு வழியே இவர் அரைவிலைக்கு வாங்கி வந்தார். பொம்மையின் அடிப்பக்கத்து முத்திரையைக் கொண்டே எந்த ஊர்ப் பட்டறையில் செய்தது என்று சொல்வார். ஞாயிறு காலையில் கண்ணாடி அலமாரியைத் திறந்து, தையல் எந்திர எண்ணெயை இறகால் தொட்டுத் தொட்டு ஒவ்வொன்றின் சுருள்வில்லிலும் இடுவார்.

அண்ணன் அந்நேரம் பார்த்தே வருவார். மலாய்க்காரர் சுற்றும் கனத்த பம்பரம், கால் ஒடிந்த மரக்குதிரை, நாகப்பட்டினத்திலிருந்து யாரோ கொண்டுவந்த மண்யானை, சீனர் திருவிழாக் காகித முயல், தோற்பாவை என அவர் வீட்டில் இல்லாத பொம்மையே இல்லை. எதற்கும் இடம் என்று ஒன்றில்லை. சோற்றுப் பானைக்குப் பக்கத்திலும் கிடக்கும்.

"என்ன மாப்பிள்ள, வாத்துக்கு இன்னிக்கு எண்ணெய்க் குளியலா?"

"தொடாதீங்க மச்சான். கை வேர்வை பட்டா துரு ஏறும்."

"நெசமான வாத்த வாங்கியிருந்தா இந்நேரம் முட்டையாவது போட்டிருக்கும்லா."

"உங்க வீட்டுல இருக்கறதுக்குப் பேரு சேகரிப்பா? பசாரு."

"பசாருன்னா நாலு பேரு வருவான். உங்க அலமாரிய பல்லியத் தவிர எவன் வந்து பாக்கறான்?"

"நாலு பேரு பாக்கறதுக்கு நான் வைக்கல. நான் பாக்கறதுக்கு வச்சிருக்கேன்."

இப்படியே போகும். இருவரும் சிரிப்பார்கள். ஆனால் அண்ணன் போனபின், அவர் கைபட்ட இடத்தை என் கணவர் துணியால் துடைப்பார்.

போர் எங்கள் மண்ணுக்கு வந்தது. துரைமார் பங்களாக்களைத் திறந்தபடி விட்டுத் தெற்கே ஓடினார்கள். ஜப்பானியர் கண்ணில் படக்கூடாதென்று தோட்டத்தார் ஆங்கிலப் புத்தகங்களையும் படங்களையும் எரித்தார்கள். மிதிவண்டிகளைப் புதரில் மறைத்தார்கள். எங்கள் மிதிவண்டியை மறைக்குமுன் ஜப்பானியச் சிப்பாய் ஒருவன் வீட்டுக்குள் வந்துவிட்டான். வண்டியின் கைப்பிடியைப் பற்றியவன், அலமாரியிலிருந்த முரசு கொட்டும் கரடியைக் கண்டு நின்றான். அதை எடுத்துச் சாவி கொடுத்தான். கரடி கொட்டக் கொட்ட வாய்விட்டுச் சிரித்தான். தன் இடுப்பளவுக்குக் கையைத் தாழ்த்திக் காட்டி ஏதோ சொன்னான்; ஊரில் அவனுக்கு அவ்வளவு உயரத்தில் ஒரு பிள்ளை இருந்திருக்க வேண்டும். கரடியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, வண்டியையும் விட்டுவிட்டுப் போய்விட்டான்.

"பாத்தியா? அவன் ஊரு சாமானப் பாத்ததும் எப்படி ஆயிட்டான் பாத்தியா?" என்றார் என் கணவர். அவர் முகத்தில் அப்படியொரு ஒளியை நான் திருமணத்தன்றும் கண்டதில்லை.

ஒரு சிப்பாயைக் கண்டு ஒரு படையையே அறிந்துவிட்டதாக அவர் எண்ணிக்கொண்டார். ஒன்றை மட்டுமே நெடுங்காலம் உற்றுநோக்கியவர்க்கு இந்தத் துணிவு எளிதில் வந்துவிடுகிறது. மறுநாளே அலமாரியை உள்ளறையிலிருந்து இழுத்துவந்து வாயிலுக்கு நேராக நிறுத்தினார்.

பிறகு ஜப்பானியர் வடக்கே அண்டை நாடான சயாமுக்கு ஆள் எடுக்கத் தொடங்கினார்கள். புகைவண்டிப் பாதை போடும் வேலை, அரிசி உண்டு, சம்பளம் உண்டு என்று சொல்லி முதலில் லயத்து இளைஞரை அழைத்துப் போனார்கள். அவர்களிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. அடுத்த முறை விரும்பி வருவார் எவருமில்லை; ஆகவே லோரியைக் கள்ளுக்கடை வாயிலில் நிறுத்திப் பிடித்து ஏற்றினார்கள். அதன்பின், ஆள்களை மேய்க்கக் கிராணிகளும் நோய் பார்க்க டிரெஸர்களும் வேண்டும் என்று செய்தி வந்தது. சுற்றுத் தோட்டங்களுக்கெல்லாம் பொறுப்பான ஜப்பானிய அதிகாரி நேரில் வந்து தேர்ந்தெடுப்பாராம்.

என் கணவருக்கு நெஞ்சுச் சளி உண்டு. மழையில் நனைந்தால் ஒரு வாரம் படுக்கையில் கிடப்பார். சயாமுக்குப் போனால் திரும்பமாட்டார் என்பதை நானும் அறிவேன், அவரும் அறிவார். அண்ணன் ஒரு வழி சொன்னார்.

"மாப்பிள்ள, இப்பவே என் வார்டுல வந்து படுத்துக்குங்க. கால் புண்ணுன்னு எழுதிடறேன். நாத்தம் புடிச்ச பழைய கட்டு ஒண்ணு சுத்தி விடறேன். மோந்து பாத்தான்னா கிட்டவே வரமாட்டான். அவன் போனதும் எந்திரிச்சு வந்துடுங்க."

"இல்லாத புண்ணுக்குக் கட்டா? எனக்கு எதுக்கு மச்சான் அது? அலமாரி இருக்கு."

"அலமாரியா? மாப்பிள்ள, வந்து போனவன் சிப்பாய். இவன் ஆளு புடிக்க வர்றவன்."

"அண்ணன் சொல்றதக் கேளுங்களேன்" என்று நானும் கெஞ்சினேன்.

"உங்கண்ணனுக்கு எதுலயாவது முழுசா நம்பிக்கை இருந்திருக்கா? எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம். அவரு வைத்தியமும் அப்படித்தான்."

அண்ணன் அதற்கும் சிரித்தார். கட்டுத்துணியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

அதிகாரி வந்த காலையில் என் கணவர் வெள்ளைச் சட்டை அணிந்திருந்தார். அலமாரிக் கதவு திறந்திருந்தது. அதிகாரி, எங்கள் பேச்சை மலாய்மொழி வழியே அவருக்கு உரைக்கும் தைவான்காரர் ஒருவரோடு உள்ளே வந்து, அலமாரியைக் கண்டு நின்றார். என் கணவர் எதிர்பார்த்தது அதுவே. பொம்மைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சாவி கொடுத்து மேசைமேல் விட்டார். அடிப்பக்கத்தைத் திருப்பிக் காட்டி, "ஓசாக்கா" என்றார், "தோக்கியோ" என்றார். முத்திரையிலிருந்த எழுத்துகளைச் சிறிதும் தடுமாறாமல் படித்தார். அதிகாரியின் புருவம் உயர்ந்தது. விரைவாக ஏதோ கேட்டார். என் கணவர், ஜப்பானியர் ஆம் என்பதற்குச் சொல்லும் "ஹாய்" என்றார். மேலும் கேட்டார். அதற்கும், "ஹாய்" என்றார்.

கேட்டது என்ன என்று அவருக்குத் தெரியாது. ஆசிரியர்க்கும் கிராணிகளுக்கும் கட்டாயமாக நடந்த மொழி வகுப்பில் நாங்கள் இருவரும் ஒரே பலகையில்தான் அமர்ந்திருந்தோம். அவர் கற்றது எவ்வளவு என்பதை என்னைவிட அறிந்தவர் இல்லை. பொம்மைகளின் அடியில் காணாத ஒரு சொல்லைக்கூட அவர் மனம் பற்றவில்லை.

அதிகாரி அவர் தோளில் தட்டினார். தைவான்காரர் மகிழ்ச்சியோடு எங்களுக்கு உரைத்தார்: "நிப்பொன் மொழியும் நிப்பொன் பொருளும் இவ்வளவு அறிந்த தமிழரை இந்தப் பகுதியில் இதுவரை கண்டதில்லை என்கிறார். உங்களைப் போன்றவர் இங்கே பால் எடை பார்த்துக்கொண்டிருப்பது வீண் என்கிறார். சயாமில் தமிழர்களுக்கு எங்கள் கட்டளை விளங்குவதில்லை. இந்தத் தோட்டத்து ஆள்களுக்குத் தலைவராக நீங்கள் போக வேண்டும்."

முன்னமே சாவி கொடுத்த ஆமை ஒன்று மேசை விளிம்புவரை ஊர்ந்து கீழே விழுந்தது. அதை எடுக்கவும் என் கணவர் குனியவில்லை. தமக்கு அந்த மொழி தெரியாது என்று மலாயில் சொல்லத் தொடங்கினார். "தன்னடக்கம்" என்று சொல்லி அதிகாரி மறுபடியும் தோளில் தட்டிவிட்டு வெளியேறினார்.

அடுத்து அவர்கள் போனது அண்ணன் வீட்டுக்கு. அங்கே கிடந்த குவியலைக் கண்டு அதிகாரி காலால் தள்ளினார். இது எந்த ஊர்ப் பம்பரம் என்று கேட்டார். அண்ணன் தெரியாது என்றார். இந்தப் பாவை யார் உருவம், தெரியாது. இந்த யானை எதனால் செய்தது, அதுவும் தெரியாது. ஒரு மடையன் மருந்து கலக்கினால் ஆள்கள் செத்துப்போவார்கள் என்று சொல்லி, கன்னத்தில் ஓர் அறை கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். டிரெஸர் பக்கத்துத் தோட்டத்திலிருந்து எடுக்கப்பட்டார்.

"நடிச்சேன்னு நெனைக்காத தங்கச்சி. எனக்கு நெசமாவே ஒண்ணும் தெரியாது" என்று பின்னர் ஒருமுறை அண்ணன் சொன்னார். அவர் தப்பியதற்கு என்னிடம் மன்னிப்புக் கேட்பதுபோல் இருந்தது.

என் கணவர் அந்த வாரமே போனார். போகுமுன் அலமாரியைப் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்தார். அவரைச் சயாமுக்கு ஏற்றிச் சென்ற சில மாதங்களில் நாங்கள் இருந்த கெடா மாநிலத்தையே சயாமிடம் ஒப்படைத்தார்கள். வரைபடத்தின்படி நாங்கள் இருவரும் அப்போது ஒரே நாட்டில் இருந்தோம்.

பட்டினி பெருகியது. மரவள்ளிக் கிழங்கே உணவு. அண்ணன் ஒரு நாள் பம்பரங்களையும் பாவைகளையும் சாக்கில் கட்டி, மிதிவண்டியில் யான் என்னும் ஊருக்குக் கொண்டுபோனார். நெல் விளையும் ஊர். மலாய்க் குடியானவர் வீடுகளில் நெல்லுக்குக் குறைவில்லை. கடைகளில் வாங்கத்தான் எதுவுமில்லை. நோன்புப் பெருநாள் நெருங்கியிருந்தது. ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு பிள்ளை ஒவ்வொன்றைக் கேட்டது. ஒருவன் பம்பரம் என்றான், அவன் தங்கை முயல் என்றாள். வழியில் அரிசியைப் பறிக்கும் சிப்பாய்களுக்குத் தெரியாமல் அண்ணன் காற்சட்டைக்குள் அரிசிப் பைகளைக் கட்டிக்கொண்டு திரும்பினார். பிறகு மீனவர் ஊரான தஞ்சோங் டாவாய்க்குப் போய்க் கருவாடு கொண்டுவந்தார். அவர் வீட்டுக் குப்பை என்னை உயிரோடு வைத்தது.

என் வீட்டுத் தொகுப்பையும் ஒருமுறை எடுத்துப்போகச் சொன்னேன். யானில் ஒரு பெண்மணி தகரக் குதிரையைக் கையில் எடுத்து, எங்கே செய்தது என்று கேட்டு, பாம்பைத் தொட்டவள்போல் கீழே வைத்தாளாம். "அவனுங்க சாமானா? எங்க வீட்டுக்குள்ள வேணாம்" என்றாளாம். சுங்கைப்பட்டாணிச் சீனக் கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் மகனை ஜப்பானியர் கொண்டுபோயிருந்தார்கள். அத்தனை அழகாய், அத்தனை ஒழுங்காய்ச் சேர்த்த பொம்மைகளுக்கு ஒரு பிடி அரிசி தருவார் இல்லை. கடைசியில் அலமாரியின் கண்ணாடியும் பலகையும் கிழங்காக மாறின. பொம்மைகளை ஒரு சாக்கில் கொட்டி, அண்ணன் வீட்டு மூலையில் வைத்தோம். அதே சாக்கில், அவற்றின் மேலே, அண்ணனிடம் எஞ்சியவற்றையும் போட்டோம்.

போர் முடிந்தபின், எங்கள் தோட்டத்துப் பால்வெட்டுக்காரர் ஒருவர் சயாமிலிருந்து நடந்து வந்து சேர்ந்தார். காலில் எலும்பு தெரியும் புண். அண்ணன் அதைக் கழுவிக்கொண்டிருக்கையில், நான் எதையும் கேட்குமுன் அவரே சொன்னார்.

"கிராணி ஐயா இல்லம்மா. பேதியில போயிட்டாரு. ரெண்டாவது மழையில."

 அவர் பேசிக்கொண்டே போனார்.

"ஜப்பான்காரன் பேசறது ஐயாவுக்கு வெளங்கலம்மா. தோண்டுன்னானா நிறுத்துன்னானான்னு தெரியாம எங்க மூஞ்சியப் பாப்பாரு. மொத அடி அவருக்குத்தான். ஜப்பான் பாஷ தெரியும்னு பொய் சொல்லிட்டான்னு அவனுங்களுக்குக் கோவம். அவனுங்க ஆளுன்னு எங்களுக்குக் கோவம். தனியாத்தான் ஒக்காந்து சாப்பிடுவாரு. கடைசியிலதான் எங்க கொட்டாய்க்குத் தூக்கிட்டு வந்தோம்."

"ஏதாவது சொன்னாரா?" என்றேன்.

அவர் தயங்கினார். "சொன்னாரும்மா. என் சாமானையெல்லாம் மச்சானோடதோட கலக்க வேணாம்னு அம்மாகிட்ட சொல்லுன்னாரு."

"எனக்கு வேறெதுவும்?"

"இல்லம்மா. அதத்தான் திருப்பித் திருப்பி சொன்னாரு."

அவர் போனபின் அண்ணன் கையைக் கழுவிவிட்டு, மூலையிலிருந்த சாக்கை இழுத்து அவிழ்த்துத் தரையில் கொட்டினார். லயத்துப் பிள்ளைகள் இரப்பர்ப் பாலை உறையவைத்துச் செய்த முதலை ஒன்று, வெயிலில் இளகி, தகரக் கப்பலோடு ஒட்டிக் கிடந்தது. அதைப் பிரித்தார். கப்பலின் நீல வண்ணம் முதலையோடு உரிந்துவந்தது.

"விடுங்கண்ணே" என்றேன்.

"மாப்பிள்ள கேட்டது இது ஒண்ணுதானே தங்கச்சி" என்று சொல்லிவிட்டு, அடுத்ததை எடுத்தார்.