காப்பெலில் நடக்கவைத்துப் பிழைக்கிறேன்

வெயிலில் நில்லுங்கள், மரத்தைப் பாருங்கள், நேரத்துக்குப் படுங்கள் என்று சொல்வதற்கும் ஒரு வேலை இருக்கிறது. வெல்னஸ் கோச் என்று பெயர், டெக்சஸில் காப்பெல் என்கிற ஊரில் ஆறு வருஷமாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். சாப்பாடு என் டிபார்ட்மென்ட் இல்லை, அதற்கு டயட்டீஷியன் தனி. தூக்கம், நடை, வெயில், பச்சை, இதெல்லாம்தான் என் தலையெழுத்து. அடுத்தவருக்கு நல்லது சொல்லியே தொண்டை வறண்டுபோன சக பாவிகளே, சரவணன் என்கிற ஒரே ஒரு ஆளோடு நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

மரத்துக்குப் பதிலாக

சரவணனுக்கு நாற்பத்து நான்கு வயது. திருப்பூர்க்காரர், வீட்டிலிருந்தே ஐடி வேலை. ரூமை விட்டு வெளியே வருவது சாப்பிடவும், குப்பைத் தொட்டியைத் தெருவில் தள்ளி வைக்கவும்தான். மாத்திரை போட்டும் பிரஷர் இறங்கவில்லை. அவருடைய அப்பா நாற்பத்தாறு வயதில் ஹார்ட் அட்டாக்கில் போனவர். அந்தப் பயத்தில் மனைவி கவிதாவுக்குத் தூக்கமே போய்விட்டது. மூன்று மாதத்தில் வாழ்க்கையை மாற்றியே ஆகவேண்டும் என்று டாக்டர் சொன்னதும், அவரை என்னிடம் இழுத்துக்கொண்டு வந்தாள்.

தினமும் காலையில் ஏரிக்கரைப் பார்க்கில் ஒரு மணி நேரம் நடங்கள், போதும் என்றேன். அவர் போனிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார்: "வெயிலுக்குப் பதிலா விட்டமின் டி மாத்திரை போட்டுக்கறனுங்க. மரத்துக்குப் பதிலா டிவில காட்டு வீடியோ ஓட உட்டா ஆகாதுங்களா?"

வெறுங்காலில்

பார்க் தூரம் என்று அழுதார். சரி, வீட்டுக்குப் பின்னாடியே புல்லில் வெறுங்காலோடு பத்து நிமிஷம் நில்லுங்கள் என்றேன். நின்றார். காதில் இயர்போனை மாட்டி, மீட்டிங்கில் பேசிக்கொண்டே நின்றார். இந்த ஊர்ப் புல்தரையில் செவ்வெறும்புப் புற்று இருக்கும், பார்த்து நில்லுங்கள் என்று சொல்லாதது என் தப்புதான். ஆனால் மனுஷன் ஒரு தடவை குனிந்து பார்த்திருக்கக் கூடாதா? வீங்கின காலைப் போட்டோ எடுத்து அனுப்பி, கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்: "அக்கா, நீங்க சொன்ன இயற்கை என்னையக் கடிச்சு வெச்சிருச்சு."

பதினோராயிரம் அடி

அதற்கப்புறம்தான் அதிசயம். நான் கொடுத்த ஆரஞ்சுப் பட்டை வாட்சை அவர் கட்டிக்கொண்டு நடந்தால், எத்தனை அடி வைத்தார் என்பது ஓர் ஆப் வழியாக என் போனுக்கும் கவிதாவின் போனுக்கும் வந்துவிடும். ஒரு திங்கட்கிழமையிலிருந்து தினமும் பதினோராயிரம்! மூன்று வாரம் ஒரு நாள் தவறவில்லை. நான் நெகிழ்ந்துபோய் எங்கள் வாட்ஸாப் குரூப்பில் எல்லாரையும் கைதட்டச் சொன்னேன். பிரஷர் மட்டும் அசையவே இல்லை. நான் எங்கே தப்புப் பண்ணினேன் என்று மண்டையை உடைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் காலை அதே பார்க்கில் கவிதாவின் அப்பா எதிரே வந்தார். கோபியிலிருந்து ஆறு மாதம் மகள் வீட்டில் இருந்துவிட்டுப் போக வந்தவர். மங்கி குல்லா, ஸ்வெட்டர், வேட்டி, புது ஷூ, விறுவிறு நடை. மணிக்கட்டில் சரவணனின் ஆரஞ்சுப் பட்டை வாட்ச். வழியை மறித்து நின்றேன். இது எப்படி உங்கள் கையில் என்றேன். பெருமையாகத் தூக்கிக் காட்டினார்: "மாப்ள கட்டி உட்டதுங்க அம்மிணி. தெனமும் ரெண்டு மணி நேரம் நடந்தாத்தான் இதோட பேட்டரி கெடாம இருக்குமாம்."

சரவணன் சொன்ன காரணம்

நேரே அவர் வீட்டுக்கு வண்டியை விட்டேன். கவிதா ஆபீஸ் போயிருந்தாள். "யாரை ஏமாத்தறீங்க? மாமனார் நடந்தா உங்க பிரஷர் இறங்குமா?" என்று கத்தியே விட்டேன். கோச் கத்தக் கூடாது, எங்கள் பயிற்சியில் முதல் பாடமே அதுதான். ஆறு வருஷ அலுப்பு, வாயை மீறி வந்துவிட்டது. அவர் தலையைக் குனிந்துகொண்டார். அப்புறம் சொன்னார்: "மொதநாள் சும்மா வெளையாட்டுக்குத்தானுங்க்கா கட்டி உட்டேன். அந்த நம்பரப் பாத்துட்டு அன்னிக்குத்தான் கவிதா விடியற வரைக்கும் அசந்து தூங்கினா. அப்பறம் நிறுத்த மனசு வரலீங்க்கா."

கவிதா

கோபம் போய் எனக்கு அழுகை வந்துவிட்டது. அதற்காகப் பொய்க்குத் துணை போக முடியுமா? நீங்களே அவளிடம் சொல்லுங்கள், இல்லையென்றால் நான் சொல்வேன் என்று கிளம்பினேன். அன்று சாயங்காலமே சொல்லியிருக்கிறார். அவள் கத்தவில்லை, அழவும் இல்லையாம். தன் போனிலிருந்து அந்த ஆப்பை எடுத்துவிட்டாளாம்.

மறுநாள் காலை இரண்டு பேரும் பார்க்குக்கு வந்தார்கள். அவர் கையை விடாமல் பிடித்துக்கொண்டு நடந்தாள். பாதி ஏரி சுற்றியதும் போதும் என்றார், அவள் விடவில்லை. என்னைத் தாண்டும்போது நிற்காமலே சொன்னாள்: "இனிமே எனக்கு நம்பர் வேண்டாங்க்கா. இவரு பொய் சொன்னா மூஞ்சியிலயே தெரிஞ்சிரும், போன்லதான் தெரியல."

ஊருக்கெல்லாம் தூக்கம் சொல்லிக்கொடுக்கிற எனக்கு, நான் கட்டிவிட்ட வாட்ச்களின் நம்பரை நம்பி இன்னும் எத்தனை வீட்டில் யார் யார் நிம்மதியாகத் தூங்குகிறார்களோ என்று நினைத்தால்தான் தூக்கம் வரமாட்டேன் என்கிறது.