சபாபதி கிராணி சொன்ன அர்த்தம்

மலாயாவில் ரெங்கம் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் சபாபதி கிராணியாக, அதாவது ஆபீஸ் குமாஸ்தாவாக, இருந்தார். பாதிரியார் பள்ளியில் இங்கிலீஷ் படித்தவர். அதில் அவருக்குக் கொஞ்சம் மண்டைக்கனம் உண்டு, இருக்கட்டும். தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரையை விட்டால் அதை வாசிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

1928 மழைக்காலத்தில் ஆற்று மரப்பாலம் உளுத்துப்போனது. துரை அதைப் பழுதுபார்க்கவில்லை. ஒரு பலகை எழுதி மாட்டச் சொன்னார். கடப்பவர் தம் சொந்த ‘பெரில்’ (peril) மேல் கடக்கலாம் என்று இங்கிலீஷில் வாசகம். பழங்காலச் சொல் அது. ஆபத்து என்று மட்டும் சொன்னால் பாதிதான் சொன்னதாகும். ஆபத்து இருக்கிறது, தெரிந்தேதான் போகிறாய், செத்தால் எங்களைக் கேட்காதே என்று அந்தப் பலகையில் அது மொத்தத்தையும் சொல்லிவிடும். கை கழுவுவதற்கென்றே செய்த சொல். சபாபதிக்கு அது நன்றாகவே தெரியும்.

காலைப் பெரட்டில் ஆள்களின் பேரைக் கூப்பிட்டு முடித்ததும் அந்த வாசகத்தைத் தமிழில் சொல்வது சபாபதியின் வேலை. உள்ளபடி சொன்னால் அக்கரை மலைக்கு ஒருவரும் ரப்பர் பால் வெட்டப் போகமாட்டார்கள். துரை அவரைத்தான் பிடித்து உலுக்குவார்.

“பாலம் கொஞ்சம் ஆட்டமா இருக்கு. பாத்துப் போங்க,” என்றார்.

நான்காம் நாள் பாலம் முறிந்தது. பால் வெட்டப் போன வீரமுத்து வாளிகளோடு வெள்ளத்தில் போனான்.

விசாரணையில் மாஜிஸ்திரேட் ஒரே கேள்விதான் கேட்டார்: அந்தச் சொல்லின் பொருளை ஆள்களுக்கு முழுசாக விளக்கினீரா? இல்லை என்றால் வேலை போகும், நாலு பிள்ளைகளோடு வீட்டைக் காலி செய்ய வேண்டும். ஆமாம் என்றால் வீரமுத்துவின் பெண்டாட்டிக்கு எந்த இழப்பீடும் கிடைக்காது. “விளக்கினேன்” என்றார், பாவி மனுஷன். பெரட்டில் நின்ற வேறு எவரையும் மாஜிஸ்திரேட் கூப்பிட்டுக் கேட்கவில்லை.

மறுநாள் வீரமுத்துவின் மனைவி பேச்சியம்மாள் ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள். பாலம் முறிந்த வாரம் முழுக்கக் காய்ச்சலில் கிடந்தவள், பெரட்டுக்கே போகாதவள்.

“கிராணி ஐயா, அந்தப் பலகையில என்னதான் எழுதியிருக்கு? எனக்கும் ஒருக்கா சொல்லுங்க.”

சபாபதி சொன்னார். முதன்முறையாக, எதையும் விடாமல் தமிழில் சொன்னார். பாலம் எப்போது வேண்டுமானாலும் உடையும், ஏறினால் அது உன் பாடு, உயிரே போனாலும் தோட்டம் பொறுப்பேற்காது.

“இப்படியேவா அவருகிட்டச் சொன்னீங்க?”

ஆமாம் என்று தலையை ஆட்டினார்.



“தண்ணின்னாலே பயப்படுற மனுசன் ஐயா அவரு. இதக் கேட்டிருந்தா போயிருக்கவே மாட்டாரு.”